ஜெபிக்க உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது என்று கேட்ட தங்கச்சிக்கு

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன், தங்கச்சி. ஆலங்குளம் பக்கம் ஒரு கிராமம். கணவர் பக்கவாதத்தில் விழுந்து மூன்று வருஷமாகப் படுக்கையில். மாமியாரும் உங்களோடுதான். மகள் நர்சிங் படிக்கிறாள். குடும்பம் நீங்கள் சுற்றும் பீடியில் ஓடுகிறது. ஜெபம் பண்ண முழங்கால் போட்டால் ஒன்று தூக்கம் வருகிறது, இல்லாவிட்டால் ஆண்டவர்மேல் கோபம் வருகிறது. ஜெபக்குழுவில் "விசுவாசம் பத்தாது", "வீட்டில் ஏதோ சாபம் இருக்கு" என்கிறார்கள். வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருக்கச் சொல்கிறார்கள். "கடைசிவரைக்கும் நிலைச்சு நிப்பேனான்னு பயமா இருக்கு அக்கா. பெலன் எங்கேருந்து வரும்?" என்று முடித்திருக்கிறீர்கள்.

நான் பாளையங்கோட்டையில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சேகரத்து (பக்கத்து ஊர்ச் சபைகள் சேர்ந்த வட்டாரம்) பெண்கள் ஐக்கிய சங்கத்தோடு பல வருஷம் வீடு சந்திப்புக்குப் போயிருக்கிறேன். அங்கே பார்த்ததையும், வேதத்திலும் நம் திருநெல்வேலிச் சபை வரலாற்றிலும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

சாபம் என்கிற பேச்சை முதலில் இறக்கி வையுங்கள். பிறவிக் குருடனைக் காட்டி, "இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ" என்று சீஷர்களே ஆண்டவரிடம் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்று அவர் நேரடியாகச் சொல்லிவிட்டார். யோவான் 9-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. யோபுவின் கதை இன்னும் பலமான சாட்சி. அவனைப் பார்க்க வந்த சிநேகிதர்கள் முதல் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து வாய் திறக்காமல் இருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான். பிறகு பேச ஆரம்பித்தார்கள். நீ ஏதோ செய்திருப்பாய், அதனால்தான் இது என்றார்கள். கடைசி அதிகாரத்தில் கர்த்தருக்குக் கோபம் மூண்டது அவர்கள்மேல்தான், அழுது புலம்பி வழக்காடிய யோபுவின்மேல் அல்ல. பக்கவாதம் பெரும்பாலும் இரத்த அழுத்தம், சர்க்கரை, புகையிலை இவற்றால் வருகிற நோய். அதற்கு உங்கள் விசுவாசத்தின் அளவைக் காரணம் காட்டுகிறவர் யாராக இருந்தாலும், அந்தப் பேச்சு வேதத்துக்கு ஒத்துவராது. இதைக் கடுமையாகவே சொல்கிறேன். நோயாளி இருக்கிற வீட்டுக்குள் போய் அந்த வார்த்தையைப் போட்டுவிட்டு வருகிறவர்களால் பெண்கள் உடைந்துபோனதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

இனி கோபம். உங்களுக்கு அது பாவமாகத் தெரிகிறது. சாமுவேல் முதலாம் புத்தகத்தின் முதல் அதிகாரத்தை இன்று ராத்திரி ஒருமுறை மெதுவாக வாசியுங்கள். அன்னாளைப் பற்றிப் பிரசங்கம் கேட்கும்போதெல்லாம் குழந்தை பிறந்ததில்தான் போய் முடியும். எனக்கு அதற்கு முந்தின வசனங்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன. அவள் கோயிலில் சத்தம் வராமல் உதடு மட்டும் அசைய ஜெபிக்கிறாள். ஆசாரியனாகிய ஏலி அதைப் பார்த்துவிட்டு, குடித்திருக்கிறாள் என்று நினைத்துக் கடிந்துகொள்கிறான். சபையின் பெரிய மனிதரே ஒரு பெண்ணின் துக்கத்தைத் தப்பாக எடுத்துக்கொள்கிறார்! அன்னாள் சுருண்டுவிடவில்லை. "நான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீ" என்கிறாள். இருதயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் ஊற்றிவிட்டேன் என்கிறாள். தன் ஜெபம் என்னவென்று தனக்குத் தெரியும், அதை அடுத்தவர் வந்து பெயர் வைக்க விடமாட்டேன் என்கிற உறுதி அதில் இருக்கிறது. அதற்கப்புறம் போய்ச் சாப்பிட்டாள், துக்கமுகமாயிருக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. கவனியுங்கள், அப்போது அவளுக்குக் குழந்தையும் இல்லை, குழந்தை உண்டாகும் அறிகுறியும் இல்லை. நிலைமை துளி மாறவில்லை. உள்ளே இருந்ததைக் கொட்டினாள், எழுந்தாள், சோறு தின்றாள்.

அப்படியானால் கோபத்தை அடக்கிவிட்டு ஜெபிக்கவேண்டும் என்று காத்திருக்காதீர்கள். கோபத்தையே ஜெபமாகச் சொல்லுங்கள். அதற்கு வார்த்தைகள் சங்கீதத்தில் இருக்கின்றன. 13-ஆம் சங்கீதம் ஆறே வசனம். "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆண்டவரை நிறுத்தி வைத்துக் கேட்கிறது. 88-ஆம் சங்கீதம் கடைசி வரிவரை இருட்டாகவே முடிகிறது, ஒரு ஸ்தோத்திரம்கூட இல்லை. அதையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள். நம் கூட்டங்களில் இதை யாரும் வாசிக்கக் கேட்டதில்லை; துதிச் சங்கீதங்களைத்தான் எடுக்கிறோம். நடுச்சாமத்தில் கணவரைப் புரட்டிப் போட்டு, துணி மாற்றி, கை கழுவிவிட்டு உட்காருகிறவளுக்கு 88-ஆம் சங்கீதம் வேண்டும்.

ஜெபம் வறண்டுபோவது வேறு. சித்திரை வைகாசியில் ஆற்றில் தண்ணீர் இல்லாதபோது மணலில் ஊத்து தோண்டுவோமே, தோண்டினவுடனே தண்ணீர் நிற்காது. முதலில் கசிகிறது கலங்கல்தான், அதை இறைத்து ஊற்றிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால்தான் தெளிவாக ஊறும். வறண்ட நாளின் ஜெபமும் அப்படித்தான். நிறையப் பேச வேண்டாம். நேரத்தையும் இடத்தையும் மட்டும் விடாதீர்கள். நம் சபைக்கு இதற்கு ஒரு நல்ல முதுசம் இருக்கிறது, நாம்தான் மறந்துவிட்டோம்: பொது ஜெபப் புத்தகம். சொந்த வார்த்தை வராத அன்றைக்கு முன்னோர் எழுதிவைத்த ஜெபத்தை அப்படியே வாசிப்பது இரண்டாந்தர ஜெபம் இல்லை. காலையில் ஒரு சங்கீதம், கர்த்தருடைய ஜெபம், அந்தப் புத்தகத்தில் அந்த வாரத்துக்கென்று இருக்கிற ஜெபம். பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். முழங்காலில் தூக்கம் வந்தால் உட்கார்ந்தோ நின்றோ சொல்லுங்கள். மடியில் தட்டை வைத்து இலை சுற்றும்போது ஒரே ஒரு வசனத்தை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கலாம். கை தன் வேலையைத் தானே செய்யும். பீடி சுற்றுகிற பெண்கள் கீர்த்தனை முழுவதையும் பாராமல் பாடுவதைப் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். அந்தத் தட்டுக்கு முன்னால்தான் அதைக் கற்றுக்கொண்டார்கள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து இரண்டு மணி நேரம் ஜெபிக்கிறவர்களை நான் மதிக்கிறேன். மூன்று வருஷமாக ராத்திரித் தூக்கம் முறிந்துபோனவளிடம் அதைக் கேட்கக் கூடாது.

பெலன் எங்கேயிருந்து வரும் என்ற கேள்விக்கு வருகிறேன். நம் வீடுகளில் சுவரில் மாட்டியிருக்கும் வசனம் ஒன்று உண்டு, புதுவருஷ ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையாகவும் அடிக்கடி வரும்: "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." பிலிப்பியர் 4:13. அட்டையில் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். வேதத்தில் பவுல் நிறுத்தவில்லை. அடுத்த வசனமே, ஆனாலும் என் உபத்திரவத்தில் நீங்கள் என்னோடு பங்கெடுத்தது நல்லதாயிற்று என்று போகிறது. சிறையில் இருந்துகொண்டு, எல்லாவற்றுக்கும் பெலன் உண்டு என்று சொன்ன அதே மூச்சில், கூட நின்ற மனிதர்களுக்கு நன்றி சொல்கிறார். கிறிஸ்துவின் பெலன் அவருக்கு மனிதர் கை வழியாகவும் வந்தது. பதின்மூன்றாம் வசனத்தை மட்டும் பெண்களுக்குக் கொடுத்து, பதினாலாம் வசனத்தைச் சபை தன்னிடமே வைத்துக்கொண்டுவிட்டது என்பது என் வருத்தம். தனியாக நின்று தாங்குவதுதான் விசுவாசம் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அது நம் ஊர்ச் சபையின் கதையே இல்லை.

பாளையங்கோட்டையில் பாப்பாத்தி அம்மாள் கோயிலைப் பார்த்திருக்கிறீர்களா? அதைக் கட்டிய குளோரிந்தா தஞ்சாவூரிலிருந்து வந்த பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரியோடு வாழ்ந்தார். அவரிடமிருந்துதான் கிறிஸ்துவைப் பற்றிக் கேள்விப்பட்டார். ஞானஸ்நானம் கேட்டபோது, கலியாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்கிறார் என்று மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். பிறந்த சாதியும் தள்ளியது, நம்பி வந்த இடமும் முதலில் ஏற்கவில்லை. அந்த அதிகாரியும் இறந்துபோனார். குளோரிந்தா விலகிப் போகவில்லை. 1778-இல் சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபோது ஞானஸ்நானம் பெற்றார். இங்கே கவனிக்க வேண்டியது அதற்கப்புறம் அவர் செய்தது: தன்னைச் சுற்றி ஆட்களைச் சேர்த்தார். 1780-இல் எழுதிய சபைப் பதிவேட்டில் நாற்பது பேர், முதல் பெயர் அவருடையது. போதிக்க ஆள் வேண்டும் என்று கேட்டுத் தஞ்சாவூருக்கே போனார். 1785-இல் கோயில் பிரதிஷ்டையானது. கிணறு வெட்டிக் கொடுத்தார். திருநெல்வேலித் திருச்சபை என்று இன்று நாம் பெருமையாகச் சொல்வதன் தொடக்கம், மறுக்கப்பட்ட ஒரு விதவையும் அவரோடு சேர்ந்து உட்கார்ந்த அந்தச் சிறு கூட்டமும்தான். அவரை வீராங்கனை என்று சொல்லிக் கைதட்டிவிட்டுப் போவதைவிட, அந்த நாற்பது பேரை நினைப்பது உங்களுக்கு உதவும்.

வடக்கன்குளத்தில் அடக்கம் பண்ணப்பட்டிருக்கிற ஞானப்பூ அம்மாளும் அப்படித்தான். 2022-இல் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயத்தின் மனைவி அவர். 1752-இல் கணவர் கொல்லப்பட்ட பிறகு அந்த ஊர் விசுவாசிகளின் நடுவில்தான் மிச்ச வாழ்நாளைக் கழித்தார்.

டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மாவைப் பற்றி நீங்கள் பள்ளிக்கூட நாளிலேயே கேட்டிருப்பீர்கள். 1901-இலிருந்து, கோயில்களுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த பெண் குழந்தைகளுக்குத் தாயாக இருந்தவர். அவருடைய ஓட்டத்தைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். உங்களுக்குத் தேவை அவர் ஓட முடியாமல் கிடந்த வருஷங்கள். 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. சில வாரத்தில் எழுந்துவிடுவார் என்று நினைத்தார்கள். 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் ஒரே அறையில்தான். எத்தனையோ பேர் ஜெபித்தார்கள், கால் சரியாகவில்லை. விசுவாசம் பத்தாது என்று அவரைப் பார்த்து யாராவது சொல்லத் துணிவார்களா? அந்தப் படுக்கையிலிருந்து பத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார். நோயாளிகளுக்கென்று வருகிற ஆறுதல் கைப்பிரதிகளையெல்லாம் நல்ல சுகத்தோடு இருக்கிறவர்கள் எழுதுகிறார்கள் என்பது அவர் மனக்குறை. அதனால் நோயாளிக்கு நோயாளியாகத் தானே எழுதினார். வலி இருக்கிறது, தூக்கம் இல்லை, சில நேரம் மனசு நிற்பதில்லை என்பதை மறைக்காமல் எழுதினார்.

அவரோடு இருந்த பொன்னம்மாளின் பெயரும் நம் மேடைகளில் வரவேண்டும். இளம் வயதிலேயே விதவையானவர். ஏமி அம்மாவோடு ஊர் ஊராகச் சுவிசேஷம் சொல்லப் போன பெண்கள் குழுவில் ஒருவர். பிறகு நெய்யூரில் கைக்குழந்தைகளை வைத்துப் பராமரிக்கும் முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டார். புற்றுநோயால் 1915-இல் இறந்துபோனார். ஏமி என்ற ஒருத்தி எல்லாவற்றையும் செய்தாள் என்று நினைக்கிறோம். பொன்னம்மாளைப் போன்றவர்கள் பாதி பாரத்தை எடுத்துக்கொண்டதால்தான் அந்த வீடு நின்றது.

ஆகவே உங்களுக்கு இப்போது வேண்டியது இரண்டு பெண்கள். பெரிய ஜெபக்குழு வேண்டாம். சாபம் என்று பேசுகிறவர்கள் இருக்கிற கூட்டத்துக்குக் கொஞ்ச காலம் போகாமல் இருந்தால் அது விசுவாசத்தைவிட்டுப் பின்வாங்குவது ஆகாது. ஞாயிறு ஆராதனையையும் நற்கருணையையும் விடாதீர்கள். வர முடியாத வாரம் சபைப் போதகரான ஐயரிடம் சொன்னால் வீட்டுக்கு வந்து உங்களுக்கும் கணவருக்கும் நற்கருணை கொடுப்பார். கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அந்த இரண்டு பெண்களை எப்படிக் கண்டுபிடிப்பது? அறிவுரை சொல்லாமல் கேட்டுக்கொண்டிருக்கத் தெரிந்தவர்கள், கேட்டதை இன்னொரு வீட்டில் போய்ச் சொல்லாதவர்கள். ஐயருடைய மனைவி, ஐயரம்மா, அப்படிப்பட்டவர் என்றால் அவரிடம் தொடங்குங்கள். வீடு வீடாகப் போய் வேதம் சொல்லிக்கொடுக்கிற வயதான பைபிள் உமன் யாராவது பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது, அவர்கள் பார்க்காத துக்கம் இல்லை.

அவர்களிடம் "எனக்காக ஜெபிச்சுக்கோங்க" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்காருவீங்களா, நான் பீடிக்கடைக்குப் போய் வந்து கொஞ்சம் படுத்துக்கிடுதேன்" என்று குறிப்பாகக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வரும். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று தனியே எடுத்து வைக்கிற பழக்கம் நம் பாட்டிமார் காலத்திலிருந்து இருக்கிறது. அசனத்துக்கு, அந்தச் சபை விருந்துக்கு, ஊரே சேர்ந்து காய் நறுக்குகிறது. கொடுக்கத் தெரிந்த சபைதான் இது. உங்கள் வீட்டுக்கு என்ன தேவை என்று அவர்களுக்குத் தெரியவில்லை, யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அரசாங்க உதவியையும் வாங்குங்கள், அதில் விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருக்கிறவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி கொடுக்கிறார்கள். இரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரையும் வீட்டுக்கு வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயரைப் பதியுங்கள். ஒரே பக்கமாகப் படுக்க விடாமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடச் சொல்வார்கள். ராத்திரியில் அந்த வேலையை நீங்களும் மகளும் விடுமுறை நாட்களில் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். மாமியாருக்கு முடிந்தால் பகலில் ஒரு முறை அவர் உதவட்டும். மகனுக்குச் செய்வது அவருக்கும் ஆறுதல்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் சொல்லவேண்டும், உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் இதை வாசிக்கிற வேறு யாருக்காவது தேவைப்படும். அடிக்கிற புருஷனிடம் அடி வாங்கிக்கொண்டே இருப்பதைச் சிலுவை சுமப்பது என்று யாராவது போதித்தால் கேட்காதீர்கள். ஆண்டவர் சுமந்த சிலுவை அவர் மனதார ஏற்றது. அதைக் காட்டி ஒருவன் கையோங்குவதற்கு அனுமதி கொடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. 181 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம். 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். முதலில் பத்திரமான இடத்துக்குப் போகவேண்டும், ஜெபம் அங்கே இருந்து பண்ணலாம்.

உபவாசத்தைப் பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். இப்போது வேண்டாம். எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சொன்னபோது தேவதூதன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை, கேள்வி கேட்கவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். தின்றுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான். இரண்டாந்தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், போகவேண்டிய தூரம் அதிகம் என்றான். ஓரேப் மலையில் எலியா கர்த்தருடைய சத்தத்தைக் கேட்டது அதற்கெல்லாம் பிறகுதான். ராஜாக்கள் முதலாம் புத்தகம் 19-ஆம் அதிகாரம். ஜெபக்குழுவில் கேட்டால் இந்த இடத்தைத் திறந்து காட்டுங்கள். உபவாசம் நல்லதுதான், வயிறு நிறையச் சாப்பிட்டு, ராத்திரி தூங்குகிறவர்கள் உங்களுக்காக இருக்கட்டும்.

இன்னொன்று. முழங்கால் போட்டவுடன் தூக்கம், எப்போதும் அசதி, சின்ன விஷயத்துக்கும் அழுகை என்று எழுதியிருக்கிறீர்கள். குனிந்த முதுகோடு பகல் முழுக்கப் புகையிலைத் தூளுக்கு நடுவில் இருக்கிறவர் நீங்கள், எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிறவராகவும் இருப்பீர்கள். இரத்தம் குறைவாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம். பல வாரமாக எதிலும் பிடிப்பு இல்லாமல், செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறது என்றால் அது மனச்சோர்வு நோய். அதற்கும் மருந்து உண்டு, அரசு மருத்துவமனையிலேயே மனநல மருத்துவர் இருக்கிறார். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் அவர்களுக்கான மருந்தகத்தில் காட்டுங்கள், இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையம். இந்த வாரமே இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால் டீ குடித்த கையோடு போடாதீர்கள், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ரிப்போர்ட்டில் என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள், தங்கச்சி. உங்கள் பெயரையும் அவர் பெயரையும் எங்கள் ஐக்கிய சங்கத்து ஜெபக் குறிப்பில் எழுதிவிட்டேன். ஆலங்குளம் பக்கத்துச் சேகரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா இருக்கிறார். நீங்கள் சரி என்றால் வந்து பார்க்கச் சொல்கிறேன்.